கன்சோல் ரேமில் முதலில் துண்டு போடுவது யார்?

சேவ் பாயிண்ட் | சனி, மாலை 6.40

மாமா பையனோடு இரண்டு நாளாக வாக்குவாதம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 16 ஜிபி ரேம். அதில் கேம்களுக்குக் கிடைப்பது 13.5 ஜிபிதான், மீதி 2.5 ஜிபி ஓஎஸ்ஸுக்கு (கன்சோலை இயக்கும் மென்பொருளுக்கு)ப் போகிறது என்று படித்துவிட்டு அவனிடம் சொன்னேன். அவன் பிடித்துக்கொண்டான். "கேம் ஓடும்போது மெனு திரையிலேயே இல்லை. அப்புறம் அதற்கு எதற்கு இரண்டரை ஜிபி? எல்லாம் சோம்பேறிப் புரோகிராமிங்" என்கிறான். எக்ஸ்பாக்ஸ் 360க்கு மொத்த ரேமே 512 எம்பிதான். அப்படிப் பார்த்தால் இன்றைய ஓஎஸ் மட்டும் ஐந்து 360களைத் தின்கிறது.

அவன் சொல்வது தப்பு என்று மனதுக்குப் படுகிறது, ஆனால் ஏன் தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் வாருங்கள்.

ஃபிரேம் டிராப் | சனி, மாலை 6.52

நான் மாமா பையன் கட்சி. 360ல் ஓஎஸ்ஸுக்கு ஒதுக்கியது வெறும் 32 எம்பி. அதற்குள்ளேயே நண்பர்கள் பட்டியல், மெசேஜ், அச்சீவ்மென்ட், பார்ட்டி சாட் (நண்பர்கள் குழுவாகக் குரலில் பேசுவது) எல்லாம் ஓடின. இப்போது அதைப்போல 80 மடங்கு கேட்கிறார்கள். 80 மடங்கு வேலையா நடக்கிறது?

பழைய கேட்ரிட்ஜ் | சனி, இரவு 7.35

தம்பி ஃபிரேம் டிராப், நீ சொன்ன 32 எம்பி சரியான கணக்கு. ஆனால் அதே காலத்தில் பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் கதை புரியும்.

சோனியின் பிளேஸ்டேஷன் 2, அதாவது பிஎஸ் 2 காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. 32 எம்பி ரேமில் ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு 1 எம்பி, மீதி எல்லாம் கேமுக்கு. கேம் ஓடும்போது பின்னால் எதுவும் ஓடாது. மெனுவுக்குப் போக வேண்டுமா, ரீசெட் பட்டனை அழுத்து. அவ்வளவுதான்.

2005ல் 360 வந்தபோது முதல் நாளிலிருந்தே நடுவில் அந்த வட்டப் பட்டன் இருந்தது. எந்த கேமிலும் அழுத்தினால் மெனு வரும். அதற்காக 32 எம்பியை முன்கூட்டியே துண்டு போட்டு வைத்துவிட்டார்கள். 2006ல் பிஎஸ் 3 வந்தது. 256 எம்பி மெயின் ரேம், தனியாக 256 எம்பி கிராபிக்ஸ் ரேம். ஓஎஸ்ஸுக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ஆரம்பத்தில் சுமார் 120 எம்பி. 360ஐப்போல நாலு மடங்குக்கு நெருக்கம். அப்படி எடுத்தும் கேம் நடுவில் பட்டனை அழுத்தினால் மெனு முழுதாக வராது. வந்த மெசேஜைக்கூடப் படிக்க முடியாது. 2008 ஜூலையில் 2.40 ஃபர்ம்வேர் (கன்சோலின் உள் மென்பொருள் அப்டேட்) வந்த பிறகுதான் கேமுக்குள்ளேயே அந்த மெனு திறந்தது.

ஆக, யார் அதிகம் எடுத்தார்கள் என்பது பாதிக் கதைதான். என்ன வேலைக்காக எடுத்தார்கள் என்பது மீதி.

சேவ் பாயிண்ட் | சனி, இரவு 7.41

அண்ணே, அப்புறம் பிஎஸ் 3ல் பார்ட்டி சாட் கடைசி வரை வரவேயில்லையே. அதுவும் இதனால்தானா?

பழைய கேட்ரிட்ஜ் | சனி, இரவு 8.02

அதேதான், அங்கேதான் வர இருந்தேன்.

ஒருவர் ஒரு கேம், இன்னொருவர் வேறு கேம், இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டும் என்றால் குரல் வேலையை கேம் பார்க்க முடியாது, ஓஎஸ்தான் பார்க்க வேண்டும். 360ல் 2008 நவம்பர் அப்டேட்டில் எட்டுப் பேர் பார்ட்டி சாட் வந்துவிட்டது, அதே 32 எம்பிக்குள். பிஎஸ் 3 ஆட்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2011ல் சோனியின் ஷுஹேய் யோஷிதா காரணத்தை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: ரேம்தான் தடை, ஒருமுறை கேமுக்குப் போன ரேமைப் பிறகு திரும்ப எடுக்க முடியாது.

ஏன் முடியாது? சோனி காலப்போக்கில் ஓஎஸ்ஸைச் சுருக்கிச் சுருக்கி, சுமார் 50 எம்பிக்குக் கொண்டுவந்தது. அப்படி விட்டுக்கொடுத்த ஒவ்வொரு எம்பியையும் கேம் செய்பவர்கள் அன்றைக்கே நிரப்பிவிட்டார்கள். அந்த கேம்கள் டிஸ்க்காக அச்சாகி வீட்டு அலமாரிக்குப் போய்விட்டன. இப்போது போய் "குரலுக்கு ஒரு பத்து எம்பி தள்ளி உட்காருங்கள்" என்றால் எத்தனை கேம் நடுவழியில் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

பஸ்ஸில் துண்டு போட்ட இடத்தைப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம். உட்கார்ந்தவரை எழுப்ப முடியாது.

வேடிக்கை என்னவென்றால் அதே 2011 கடைசியில் வந்த சோனியின் கைக்கன்சோல் வீட்டாவில் பார்ட்டி சாட் முதல் நாளிலிருந்தே இருந்தது.

ஃபிரேம் டிராப் | சனி, இரவு 8.10

சரி, துண்டு போட வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் எதற்கு நிரந்தரமாக? கணினியில் விண்டோஸ் அப்படிச் செய்வதில்லையே. குரோம் திறந்திருந்தால் குரோம் எடுத்துக்கொள்கிறது, மூடினால் கேமுக்குப் போகிறது. கன்சோலிலும் தேவைப்படும்போது எடுத்து, இல்லாதபோது கொடுக்க வேண்டியதுதானே?

யாழினி | சனி, இரவு 9.15

கேம் புரோகிராமிங்தான் என் பிழைப்பு, அதனால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

கணினியில் ரேம் போதாவிட்டால் விண்டோஸ் கொஞ்சத்தை டிஸ்கில் தள்ளிவிட்டுச் சமாளிக்கும். அந்த நேரம் கேம் ஒரு அரை நொடி திக்கும். நீங்களும் "என் கணினி பழசு" என்று உங்களையே திட்டிக்கொள்வீர்கள். கன்சோலில் அந்தச் சமாதானம் செல்லாது. எல்லாருடைய கையிலும் ஒரே பெட்டி, ஒருவருக்குத் திக்கினால் எல்லாருக்கும் திக்கும்.

நாங்கள் ஒரு நகரத்தை வடிவமைக்கும்போது கடைசி எம்பி வரை கணக்குப் போட்டுத்தான் வைப்போம். இந்தத் தெருவுக்கு இவ்வளவு டெக்ஸ்ச்சர் (சுவர், தரை மேல் ஒட்டும் படங்கள்), அந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு அனிமேஷன், ஒலிக்கு இவ்வளவு. மொத்தம் எவ்வளவு கிடைக்கும் என்பது நிலையான எண்ணாக இருந்தால்தான் இந்தக் கணக்கே நடக்கும். "இப்போது 13 ஜிபி, யாராவது வீடியோ பதிவு செய்தால் 12.4" என்று எண் ஆடினால் நாங்கள் 12.4ஐ வைத்துத்தான் கேம் செய்வோம். மீதி இருந்தும் இல்லாததுதான்.

அதோடு, மெனு திரையில் இல்லை என்பதால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. பிஎஸ் 4ல் ஷேர் பட்டன் இருந்ததல்லவா? அழுத்தினால் கடந்துபோன 15 நிமிட வீடியோ கிடைக்கும். கடந்துபோனது எப்படிக் கிடைக்கிறது? நீங்கள் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் அது எப்போதும் பதிவு செய்துகொண்டே இருப்பதால்தான்.

சேவ் பாயிண்ட் | சனி, இரவு 9.22

இந்த வீடியோ விஷயம் எனக்கு இதுவரை உறைக்கவே இல்லை. நன்றி யாழினி.

கர்னல் பாண்டி | சனி, இரவு 9.58

80 மடங்கு என்ற குற்றச்சாட்டுக்கு என் பங்குக்கு ஒரு சின்னக் கணக்கு. 360 காலத்து மெனு 720பி. ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் 1280 × 720 × 4, ஏறக்குறைய 3.7 எம்பி. இப்போது 4கே. 3840 × 2160 × 4, ஏறக்குறைய 33 எம்பி. அதாவது ஒரே ஒரு 4கே படம், 360யின் மொத்த ஓஎஸ் இடத்தையும் தாண்டிவிடும். ஒரு படம் போதாது, திரை கிழியாமல் இருக்க இரண்டு மூன்று வேண்டும். அப்போதே 100 எம்பி.

யாழினி | சனி, இரவு 10.05

அண்ணா, ஒரு திருத்தம். 32 எம்பி என்பது 1024ஐ வைத்த கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்த 4கே படம் 31.6தான். தாண்டவில்லை, மயிரிழையில் உள்ளே நிற்கிறது.

கர்னல் பாண்டி | சனி, இரவு 10.07

சரி, தாண்டவில்லை. மூச்சுவிட இடமில்லாமல் உள்ளே நிற்கிறது.

ஃபிரேம் டிராப் | சனி, இரவு 10.20

படத்துக்கு 100 எம்பி போகட்டும். மீதி 2.4 ஜிபி? எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தபோதும் இதே நியாயத்தைத்தான் சொன்னார்கள். 8 ஜிபியில் 3 ஜிபி ஓஎஸ்ஸுக்கு. எதற்கு? டிவி பார்க்க!

கர்னல் பாண்டி | ஞாயிறு, காலை 7.10

இதில் நான் ஃபிரேம் டிராப் பக்கம்.

எக்ஸ்பாக்ஸ் ஒன் 2013ல் வந்தபோது உள்ளே மூன்று ஓஎஸ். அடியில் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியிலிருந்து வந்த ஒரு ஹைப்பர்வைசர், அதாவது ஒரே பெட்டியில் பல ஓஎஸ்களை ஓட வைக்கும் அடித்தளம். அதன் மேல் கேமுக்கென்று ஒரு ஓஎஸ், ஆப்களுக்கென்று விண்டோஸ் வழியில் வந்த இன்னொன்று. ஒரே பெட்டிக்குள் இரண்டு கணினி குடித்தனம். யோசனை அழகானது. ஆப் பக்கம் என்ன கலாட்டா நடந்தாலும் கேம் பக்கம் தெரியாது, கேம் மாறாமலே ஆப் பக்கத்தைப் புதுப்பிக்கலாம்.

ஆனால் அந்த 3 ஜிபியை எதை நம்பி ஒதுக்கினார்கள்? கேம் ஒரு பக்கம், டிவியோ ஸ்கைப்போ இன்னொரு பக்கம் ஒட்டிக்கொண்டு ஓடும் ஸ்னாப் வசதியை நம்பி. கினெக்ட் கேமராவை நம்பி. படம் வரையும் சிப்பான ஜிபியுவில்கூட 10 சதவீதத்தைக் கினெக்ட்டுக்கும் சிஸ்டத்துக்கும் என்று எடுத்து வைத்தார்கள். போட்டியில் நின்ற பிஎஸ் 4ன் ஜிபியு ஏற்கனவே பெரியது. இங்கே இருப்பதிலும் பத்தில் ஒரு பங்கு கேமராவுக்கு.

அப்புறம் என்ன? 2014 ஜூனில் கினெக்ட் இல்லாத பெட்டி விற்பனைக்கு வந்தது. அதே மாதம், கினெக்ட் தேவைப்படாத கேம்கள் அந்த 10 சதவீதத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று டெவலப்பர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2017ல் ஸ்னாப்பையே தூக்கிவிட்டார்கள். துண்டு போட்டுப் பிடித்த இடத்துக்கு ஆளே ஏறவில்லை.

பழைய கேட்ரிட்ஜ் | ஞாயிறு, காலை 8.25

பாண்டி, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒன்றைக் கவனி. ஆள் ஏறாத இடத்தைப் பிறகு கேமுக்குக் கொடுக்க முடிந்தது. கணிப்புத் தவறியதால் நஷ்டம், ஆனால் சரிசெய்யக்கூடிய நஷ்டம். பிஎஸ் 3யின் தப்பு கடைசி வரை சரியாகவில்லை. அதிகமாக ஒதுக்குவதும் தப்பு, குறைவாக ஒதுக்குவதும் தப்பு என்றால், எந்தத் தப்பைச் செய்வாய்?

பிராசசரிலும் இதே கதைதான். பிஎஸ் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் எட்டுக் கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்), தொடக்கத்தில் கேமுக்கு ஆறு. பிறகு ஏழாவது கோரின் ஒரு பகுதியை இரண்டு கம்பெனியும் திறந்துவிட்டன. எக்ஸ்பாக்ஸில் நிலைமையைப் பொறுத்து 50 முதல் 80 சதவீதம் வரை. சோனியின் கைக்கன்சோல் பிஎஸ்பியில் இன்னும் பச்சையாக நடந்தது. 333 மெகாஹெர்ட்ஸ் சிப், ஆனால் கேம்களை 222க்கு மேல் போக விடவில்லை. 2007ல் 3.50 ஃபர்ம்வேரில்தான் பூட்டைத் திறந்தார்கள். அது பேட்டரியைக் காப்பாற்றப் போட்ட பூட்டு, ஓஎஸ்ஸுக்காக இல்லை, ஆனாலும் தத்துவம் ஒன்றுதான்.

சேவ் பாயிண்ட் | ஞாயிறு, காலை 9.02

கோரை எதற்கு முழுசாகத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்? ரேம் என்றால் இடம், புரிகிறது. கோர் என்பது நேரம்தானே, கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமே?

யாழினி | ஞாயிறு, காலை 10.40

நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) காட்டும் கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.6 மில்லி செகண்ட். நாங்கள் அதில் 16 வரை நிரப்பி வைத்திருப்போம். அந்த நேரம் பார்த்து ஓஎஸ் எழுந்து, டவுன்லோடான ஃபைலைச் சரிபார்க்க 2 மில்லி செகண்ட் எடுத்தால் அந்த ஃபிரேம் போச்சு. சராசரியாகப் பார்த்தால் ஓஎஸ் 3 சதவீதம்தான் எடுத்திருக்கும், ஆனால் கண்ணுக்குச் சராசரி தெரியாது, திக்கியதுதான் தெரியும். அதனால்தான் அதைத் தனி அறையில் பூட்டி வைப்பது. நின்டெண்டோவின் முதல் ஸ்விட்ச்சில் நாலு கோர்தான், அதிலும் ஒன்றை ஓஎஸ்ஸுக்குக் கொடுத்தார்கள். நாலில் ஒன்று! வலித்தாலும் கொடுத்தார்கள்.

ஃபிரேம் டிராப் | ஞாயிறு, காலை 11.15

நல்ல உதாரணம் கொடுத்தீர்கள். ஸ்விட்ச்சையே பாருங்கள். 4 ஜிபி ரேமில் கேமுக்கு 3 ஜிபிக்கு மேல். ஓஎஸ் சிக்கனமாக இருக்க முடியும் என்பதற்குச் சாட்சி அது.

பழைய கேட்ரிட்ஜ் | ஞாயிறு, மதியம் 12.30

சிக்கனம்தான், ஆனால் விலை கொடுத்து வாங்கிய சிக்கனம். யூடியூப் திறக்க வேண்டுமென்றால் கேமை மூட வேண்டும். வீடியோ பதிவு முதலில் இல்லவே இல்லை. 2017 அக்டோபரில் வந்தபோதும் 30 நொடிதான், அதுவும் அனுமதிக்கும் கேம்களில் மட்டும்.

இன்னும் பழைய உதாரணம் நின்டெண்டோவின் கைக்கன்சோல் 3டிஎஸ். 128 எம்பியில் கேமுக்குச் சாதாரணமாக 64. ஸ்மாஷ் பிரதர்ஸ் மாதிரி பெரிய கேமுக்கு அது போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த கேமைத் திறந்தால் பழைய மாடல் 3டிஎஸ் தன்னையே ரீஸ்டார்ட் செய்துகொண்டு, பிரவுசர் போன்ற வசதிகளை இறக்கிவிட்டு, அந்த இடத்தையும் கேமுக்குக் கொடுத்துவிடும். கேமை மூடினால் மறுபடி ரீஸ்டார்ட். நேற்று ஃபிரேம் டிராப் கேட்ட "தேவைப்படும்போது எடு, இல்லாதபோது கொடு" திட்டம் நிஜத்தில் இப்படித்தான் இருந்தது.

ஸ்விட்ச் 2ல் பாடம் மாறிவிட்டது. 12 ஜிபியில் 3 ஜிபி சிஸ்டத்துக்கு, எட்டுக் கோரில் இரண்டு. பழைய ஸ்விட்ச்சின் மொத்த ரேமில் முக்கால்வாசி இப்போது ஓஎஸ்ஸுக்கு மட்டும். ஏனென்றால் இந்த முறை 12 பேர் வரை பேசக்கூடிய கேம்சாட் வேண்டுமென்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

கர்னல் பாண்டி | ஞாயிறு, மதியம் 1.05

அண்ணே, பதிலுக்கு ஒரு எதிர் உதாரணம். நின்டெண்டோவின் வீ யூ. 2 ஜிபியில் சரிபாதி, ஒரு ஜிபி, ஓஎஸ்ஸுக்கு. அப்படியும் கேமிலிருந்து மெனுவுக்கு வர அது எடுத்துக்கொண்ட நேரம் ஊருக்கே தெரியும். 2013ல் அப்டேட் போட்டு வேகத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. இடம் பிடிப்பது ஒன்று, பிடித்த இடத்தில் ஒழுங்காக உட்காருவது இன்னொன்று.

பழைய கேட்ரிட்ஜ் | ஞாயிறு, மதியம் 1.12

வீ யூவுக்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை.

சேவ் பாயிண்ட் | ஞாயிறு, மாலை 4.30

நடுவில் ஒரு கேள்வி. எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவர், எஸ்எஸ்டி (கேம்களைச் சேமிக்கும் டிரைவ்) மாற்றினால் ரேமும் கூடும், கேமுக்கு அதிக இடம் கிடைக்கும் என்றார். அது...

கர்னல் பாண்டி | ஞாயிறு, மாலை 4.33

இல்லை. கடையை மாற்றுங்கள்.

யாழினி | ஞாயிறு, மாலை 5.20

கடைக்காரர் சொன்னது தப்பு, ஆனால் கன்சோல் கம்பெனிகளே வேறு வழியில் அதைச் செய்திருக்கிறார்கள்.

பிஎஸ் 4 ப்ரோவைத் திறந்து பார்த்தால் 8 ஜிபி வேகமான ஜிடிடிஆர்5 ரேமோடு தனியாக 1 ஜிபி சாதாரண டிடிஆர்3 ரேம் இருக்கும். பழைய பிஎஸ் 4ல் கேம் ஓடும்போது நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஒரு ஆப் திறந்திருந்தால் அதுவும் அந்த வேகமான ரேமிலேயே குந்தியிருக்கும். ப்ரோவில் கேமுக்கு வந்ததும் அதைத் தூக்கி மெதுவான ரேமில் போட்டுவிடுகிறார்கள். மிச்சமான இடத்தில் 512 எம்பி கேமுக்கு, 5 ஜிபி 5.5 ஆனது. மீதியில் பெரும்பகுதி, மெனுவை 4கேயில் காட்டவே போய்விட்டது. பாண்டி அண்ணா போட்ட அந்தக் கணக்கு இங்கே மறுபடி வருகிறது. பிஎஸ் 5 ப்ரோவிலும் இதே தந்திரம்தான், ஓஎஸ்ஸுக்கென்று தனியாக 2 ஜிபி டிடிஆர்5.

சீரிஸ் எக்ஸில் தனி ரேம் கிடையாது. அங்கே 10 ஜிபி வேகமானது, நொடிக்கு 560 ஜிபி. 6 ஜிபி கொஞ்சம் மெதுவானது, 336. ஓஎஸ்ஸின் 2.5 ஜிபி முழுக்க அந்த மெதுவான ஆறுக்குள்தான். உங்கள் மாமா பையனிடம் சொல்லுங்கள், ஓஎஸ் துண்டு போட்டது கடைசி சீட்டில், குழி வந்தால் தூக்கிப்போடும் இடத்தில்.

சின்னத் தம்பி சீரிஸ் எஸ் பாடுதான் பாவம். மொத்தமே 10 ஜிபி. 2022 ஜூனில் சில நூறு எம்பியைக் கூடுதலாகத் திறந்துவிட்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் சில நூறு எம்பி ஒன்றுமில்லை. டெக்ஸ்ச்சரைச் சுருக்கிச் சுருக்கிக் கண்ணீர் விட்டவர்களுக்கு அது தீபாவளி போனஸ்.

சேவ் பாயிண்ட் | ஞாயிறு, இரவு 8.15

மாமா பையனுக்கு இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். பிஎஸ் 3 கதையில் அமைதியாகிவிட்டான். எக்ஸ்பாக்ஸ் ஒன் கதை வந்ததும் மறுபடி குதித்தான். கடைசியாக அவன் கேட்டது: கேமை அப்படியே நிறுத்தி வைத்து வேறு கேமுக்குத் தாவும் குயிக் ரெஸ்யூம், அதுவும் அந்த 2.5 ஜிபிக்குள்ளா?

கர்னல் பாண்டி | ஞாயிறு, இரவு 8.40

இல்லை. கேம் பிடித்திருக்கும் ரேமை அப்படியே அள்ளி எஸ்எஸ்டியில் எழுதிவிடுகிறது. அந்த எஸ்எஸ்டி நொடிக்கு 2.4 ஜிபி படிக்கும். 13.5 ஜிபி முழுவதையும் திரும்ப ஏற்றினால்கூட ஆறு நொடிக்குள். பழைய ஹார்ட் டிஸ்கில் இதை யோசித்திருக்கவே முடியாது, நொடிக்கு 100 எம்பி என்றால் இரண்டு நிமிடத்துக்கு மேல்.

ஃபிரேம் டிராப் | ஞாயிறு, இரவு 9.05

சரி, வீடியோ பதிவுக்கு, குரலுக்கு, 4கே மெனுவுக்கு என்று பாதி வழி இறங்கி வருகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஹோம் திரையில் நான் கேட்காமலே வரும் விளம்பரப் பெட்டிகள், அவையும் அந்த 2.5 ஜிபியில்தான் உட்கார்ந்திருக்கின்றனவா?

யாழினி | ஞாயிறு, இரவு 9.11

ஆமாம். டிக்கெட் உங்கள் கணக்கில்.